பில்லி ஜீன் கிங் கப்பை குழம்பாம பாக்குறது எப்படி

பில்லி ஜீன் கிங் கப்ங்கிறது பொண்ணுங்க நாட்டு நாட்டு டீமா மோதுற டென்னிஸ் போட்டி. டென்னிஸ் நல்லா தெரிஞ்சவங்களே இதுன்னு வந்தா கொஞ்சம் முழிப்பாங்க. விம்பிள்டன் மாதிரி ரெண்டு பேர் ஆடி ஒருத்தர் ஜெயிச்சா கதை முடிஞ்சுதுன்னு இல்ல இது. ஸ்கோர்ல நாட்டு பேர் நிக்கும், கோர்ட்டுக்குள்ளயே ஒருத்தர் சேர் போட்டு உக்காந்துக்கிட்டு ஆடுற பொண்ணுகிட்ட ஏதோ சொல்லிட்டே இருப்பாங்க, மேட்ச் முடிஞ்சு கை குடுத்தாச்சே, அவ்ளோதான்னு பாத்தா யாரும் கிளம்ப மாட்டாங்க, அடுத்த ஆள் ராக்கெட்டோட உள்ள வருவாங்க. நானும் இதுல மாட்டினவன் தான். முதல் தடவ பாத்தப்போ ஓரத்துல 1-1னு இருந்தத செட் ஸ்கோர்னு நெனச்சுக்கிட்டேன், ரெண்டாவது சிங்கிள்ஸ் முடிஞ்சதும் சரி ஆளுக்கு ஒண்ணு, டிரா போலன்னு நானே முடிவு பண்ணி ஆஃப் பண்ணிட்டு படுத்துட்டேன். காலைல பாத்தா நான் படுத்தப்புறம் தான் மெயின் பிக்சரே ஓடியிருக்கு. டபுள்ஸ் ஆடியிருக்காங்க, அதுல தான் எந்த நாடு உள்ள எந்த நாடு வெளியங்கிறதே முடிவாகியிருக்கு.

அந்த மாதிரி ஏமாறாம இருக்க என்னென்ன பண்ணணும்னு என் அனுபவத்துல கத்துக்கிட்டத சொல்றேன். பெரிய விஷயம் ஒண்ணும் இல்ல, ஒரு பேப்பரும் பேனாவும் போதும்.

முதல்ல இந்த "டை"ங்கிற வார்த்தைய சரி பண்ணிக்குவோம், பாதி குழப்பம் அதுல தான். இங்க டைன்னா சமமா முடிஞ்சதுன்னு அர்த்தம் கிடையாது, செட் 6-6னு நின்னா முடிவு பண்ண ஆடுற டை-பிரேக்குக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. இத்தாலியும் போலந்தும் மோதுதுன்னா அந்த மொத்த மோதலுக்கு பேரு தான் டை. அதுக்குள்ள நடக்குற ஒவ்வொரு மேட்சையும் பழைய ஆளுங்க ரப்பர்னு சொல்வாங்க, கமென்டரில இன்னும் அந்த பேரு வரும். "லைவ் ரப்பர்"னா அந்த மேட்ச் முடிவால டையோட முடிவு மாறும், "டெட் ரப்பர்"னா டை ஏற்கனவே முடிஞ்சு போச்சு, சும்மா ஆடுறாங்க. இந்த மூணு வார்த்தை பிடிபட்டா கமென்டரில பாதி புரிஞ்சிரும்.

அடுத்தது, டிவி போடுறதுக்கு முன்னாடியே ஒரு விஷயம் செக் பண்ணுங்க, இந்த டை மூணு மேட்சா அஞ்சு மேட்சா? ரெண்டு விதமும் இந்த போட்டியோட வரலாறுல இருக்கு, அது தெரியாம பழைய வீடியோ பாத்தா தலை சுத்தும். 1963ல லண்டன் குவீன்ஸ் கிளப்ல 16 டீமோட ஆரம்பிச்சப்போ ரெண்டு சிங்கிள்ஸ், ஒரு டபுள்ஸ், அவ்ளோதான். எல்லா நாடும் ஒரே ஊருக்கு வந்து ஒரே வாரத்துல ஆடி முடிச்சுட்டு போயிருவாங்க. பிரைஸ் மணி கூட கிடையாது, அவங்கவங்க செலவுல வந்தாங்க. 1995ல மாத்தினாங்க, ஒரு நாட்டுல போய் இன்னொரு நாடு ஆடுற ஹோம்-அவே முறை, நாலு சிங்கிள்ஸ் ஒரு டபுள்ஸ், ரெண்டு நாள் கூத்து, மூணு யாரு முதல்ல எடுக்குறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க. 2019 வரைக்கும் பெரிய டைகள் இப்படித்தான். அதுக்கப்புறம் ஃபைனல்ஸ்னு ஒரே ஊர்ல பல டீம கூட்டி வெச்சு திரும்ப பழைய மூணு மேட்ச் கணக்குக்கே வந்துட்டாங்க. புதுசுன்னு சொல்லி விக்கிறாங்க, ஆனா 1963லயே இருந்தது தான் அது.

மூணு மேட்ச் டைன்னா ரெண்டு ஜெயிச்சா போதும், ஒரே நாள்ல முடிஞ்சிரும். நாக்அவுட்ல முதல் ரெண்டு சிங்கிள்ஸும் ஒரே நாடு எடுத்துட்டா டபுள்ஸ் ஆடவே மாட்டாங்க. 2022ல இருந்து 2025 வரைக்கும் நாலு ஃபைனலும் அப்படித்தான் 2-0னு டபுள்ஸ் இல்லாமயே முடிஞ்சது. அதனால டபுள்ஸ பாக்கணும்னே லேட்டா டிவி போடாதீங்க, அங்க யாரும் இருக்க மாட்டாங்க. குரூப் முறையில ஆடுற கட்டத்துல மட்டும் 2-0 ஆனாலும் டபுள்ஸுக்கு மதிப்பு உண்டு, ஏன்னா மூணு டீமும் ஆளுக்கு ஒரு டை ஜெயிச்சு சமமா நின்னா எத்தனை மேட்ச், எத்தனை செட்னு கணக்கு கீழ இறங்கும். அங்க டெட் ரப்பர்னு நெனச்சு அசால்ட்டா விட்ட ஒரு டபுள்ஸ் ரெண்டு நாள் கழிச்சு வந்து கழுத்தை பிடிக்கும்.

இப்போ யாரு யாரோட ஆடுறாங்கங்கிற விஷயம். நிறைய பேரு கேப்டன் இஷ்டப்படி எதிராளிய பாத்து ஆள இறக்குவாங்கன்னு நெனக்கிறாங்க. பாதி தான் உண்மை. டீம்ல அஞ்சு பேர் வரைக்கும் இருப்பாங்க, அதுல எந்த ரெண்டு பேர் சிங்கிள்ஸ் ஆடணும்கிறது கேப்டன் கைல. ஆனா அந்த ரெண்டு பேர்ல யாரு நம்பர் ஒன், யாரு நம்பர் டூங்கிறத ரேங்கிங் தான் முடிவு பண்ணும். மூணு மேட்ச் டைல நம்பர் டூ பொண்ணுங்க முதல்ல மோதுவாங்க, அப்புறம் நம்பர் ஒன் பொண்ணுங்க, கடைசில டபுள்ஸ். ஸோ "நம்ம பெஸ்ட் ஆள அவங்க வீக் ஆளுக்கு எதிரா இறக்கலாம்"ங்கிற தந்திரமெல்லாம் இங்க நேரடியா நடக்காது. அஞ்சு மேட்ச் டைல முதல் நாள் நம்பர் ஒன் போய் எதிர் டீம் நம்பர் டூவோட குறுக்கால ஆடுவாங்க, ரெண்டாவது நாள் முதல்ல நம்பர் ஒன்னுக்கு ஒன், அப்புறம் டூவுக்கு டூ.

இதனால என்ன ஆகுதுன்னா பெரிய டீம் ஜெயிக்கிறதும் தோக்குறதும் நிறைய தடவ அந்த நம்பர் டூ மேட்ச்ல தான். பேர் தெரிஞ்ச ஆளுங்க ஆடுற ரெண்டாவது மேட்சுக்கு தான் எல்லாரும் வந்து உக்காருவாங்க, ஆனா கதை அதுக்கு முன்னாடியே பாதி எழுதியிருக்கும். 2023 செவில் ஃபைனல எடுத்துக்கோங்க, கனடா நம்பர் டூவா இறக்கினது மரினா ஸ்டாகுசிச்னு 18 வயசு பொண்ணு, ரேங்க் 258. எதிர்ல இத்தாலியோட மார்ட்டினா ட்ரெவிசான், பிரெஞ்சு ஓபன் செமிஃபைனல் ஆடினவங்க. பேப்பர்ல பாத்தா கேள்வியே இல்ல. ஸ்டாகுசிச் 7-5, 6-3னு தட்டிட்டு போயிட்டாங்க, அடுத்து லெய்லா ஃபெர்னாண்டஸ் வந்து ஜாஸ்மின் பவோலினிய 6-2, 6-3னு முடிச்சாங்க, கனடாவுக்கு முதல் கப். ரெண்டு வருஷம் கழிச்சு 2025 ஷென்ஜென் ஃபைனல்ல அதே இத்தாலி அதே வேலைய அமெரிக்காவுக்கு பண்ணாங்க. நம்பர் டூவா வந்த எலிசபெட்டா கொச்சியரெட்டோ ரேங்க் 91, எதிர்ல டாப் 20ல இருந்த எம்மா நவாரோ, 6-4, 6-4. அப்புறம் பவோலினி ஜெஸ்ஸிகா பெகுலாவ 6-4, 6-2. டபுள்ஸ் தேவைப்படல. அதனால ஒரே ஒரு மேட்ச் பாக்க தான் டைம் இருக்குன்னா முதல் மேட்ச் பாருங்கன்னு தான் நான் சொல்வேன், பெரிய பேர் இல்லைன்னாலும் பரவால்ல.

பேப்பர் பேனா சொன்னேன்ல, அது இதுக்கு தான். டை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு நாட்டு பேரையும் மேல எழுதி, கீழ மூணு வரி போடுங்க. ஒவ்வொரு வரிலயும் ஆடுற ஆள் பேர், ரேங்க். நடுவுல ஒரு சின்ன கட்டம், அதுல உங்க மனசுல இந்த மேட்ச் யாருக்குன்னு தோணுதோ அந்த நாட்டு முதல் எழுத்து, தெரியலன்னா கேள்விக்குறி. பெரும்பாலும் என்ன வரும்னா ஒரு வரி ஒரு நாட்டுக்கு, இன்னொரு வரி இன்னொரு நாட்டுக்கு, ஒரு கேள்விக்குறி. அந்த கேள்விக்குறி எந்த வரில விழுதுங்கிறத வெச்சே எப்போ சீட் நுனில உக்காரணும்னு தெரிஞ்சிரும்.

ஒண்ணு போட்டு காட்டுறேன். 2024 மலாகா, செமிஃபைனல், இத்தாலியும் போலந்தும். முதல் வரி லூசியா ப்ரொன்செட்டி, எதிர்ல மக்டா லினெட். பேர்ல பாத்தா லினெட் தான் கனம், ஆஸ்திரேலியன் ஓபன் செமிஃபைனல் ஆடினவங்க, நான் போட்டிருந்தா போ-ன்னு போட்டிருப்பேன், இல்ல ரொம்ப யோசிச்சு கேள்விக்குறி. ரெண்டாவது வரி பவோலினியும் இகா ஷ்வியான்டெக்கும், அங்க தைரியமா போலந்து. மூணாவது வரி டபுள்ஸ், இத்தாலி பக்கம் சாரா எர்ரானியும் பவோலினியும், அதே வருஷம் பாரிஸ் ஒலிம்பிக்ல தங்கம் வாங்கின ஜோடி, கண்ண மூடிட்டு இத்தாலி. அப்போ மொத்த டையும் அந்த முதல் வரில தான் தொங்குது. ப்ரொன்செட்டி 6-4, 7-6னு ஜெயிச்சாங்க. ஷ்வியான்டெக் முதல் செட்ட 3-6னு விட்டுட்டு திரும்பி வந்து 6-4, 6-4. 1-1. இந்த இடத்துல போலந்து கேப்டனுக்கு ஒரே வழி தான் இருந்தது, இப்பத்தான் மூணு செட் ஆடி முடிச்ச ஷ்வியான்டெக்கையே காட்டர்ஸினா காவாவோட டபுள்ஸுக்கு இறக்குறது. எதிர்ல பவோலினியும் அதே மூணு செட்ட ஆடி தோத்துட்டு வர்றாங்க, அதையும் மறக்கக்கூடாது. ரெண்டு செட்டும் 7-5, இத்தாலிக்கு. உள்ள போய் ஃபைனல்ல ஸ்லோவாக்கியாவ 2-0னு தட்டி கப் எடுத்தாங்க.

இதுல இருந்து ஒரு கணக்கு பிடிபடும், மூணு மேட்ச் டைல ஒரே ஒரு சூப்பர் ஸ்டார் இருந்தாலே ஒரு டீம் ஓடிரும், ஏன்னா அவங்க ஒரு சிங்கிள்ஸும் டபுள்ஸும் எடுத்தா ரெண்டாச்சு. ஆனா ரெண்டும் அடுத்தடுத்து, ரெண்டாவது சிங்கிள்ஸ் முடிச்ச கையோட டபுள்ஸ். ஸோ நம்பர் ஒன் மேட்ச் ரெண்டரை மணி நேரம் இழுத்துச்சுன்னா ஸ்கோர மட்டும் பாக்காதீங்க, கால்களையும் பாருங்க. ஸ்டார் ஜெயிச்சாலும் அந்த ஜெயிப்புக்கு ஒரு விலை இருக்கு, அது டபுள்ஸ் ரெண்டாவது செட்ல பில்லா வரும்.

டபுள்ஸுக்கு யாரு வர்றாங்கங்கிறத கடைசி வரைக்கும் நம்பாதீங்க. முன்னாடியே பேர் குடுத்திருப்பாங்க, ஆனா சிங்கிள்ஸ் முடிஞ்சு கொஞ்ச நேரத்துக்குள்ள கேப்டன் ஆள மாத்திக்கலாம். முதல்ல குடுக்கிற பேர் பாதி நாடகம். உண்மையான ஜோடி கோர்ட்டுக்குள்ள நடந்து வர்றப்போ தான் தெரியும்.

கேப்டன் பத்தி பேசாம இந்த போட்டிய பத்தி பேச முடியாது. அந்த சேர்ல உக்காந்திருக்கிறவங்க தான் அவங்க. சாதாரண டூர்ல கோச் ஆடியன்ஸ் பக்கம் உக்காந்து சைகை காட்டினாலே தப்புன்னு இருந்த காலத்துலயே இங்க கேப்டன் கோர்ட் ஓரமா உக்காந்து சைடு மாறுற ஒவ்வொரு தடவையும் அந்த 90 செகண்டும் பேசலாம். அதனால சைடு மாறுறப்போ சேனல் மாத்தாதீங்க, டிவில அந்த பேச்சு கேக்கும், மொழி புரியலன்னாலும் முகம் புரியும். ஒரு சில கேப்டன் நுணுக்கம் சொல்லுவாங்க, பேக்ஹேண்டுக்கு போடு, ரெண்டாவது சர்வ்ல முன்னாடி நில்லுன்னு. வேற சில பேர் தண்ணிய நீட்டிட்டு மூச்சு விடுன்னு சொல்றதோட சரி. எது நல்ல கேப்டன்னு கேட்டா எனக்கு ரெண்டாவது வகை தான் பிடிக்கும், முதல் வகை பேச பேச ஆடுறவங்க கண்ணு எங்கயோ போயிரும், பாத்திருக்கேன்.

கேப்டன் கணக்கு எப்படி ஓடும்னு முழுசா பாக்கணும்னா 2019 பெர்த் ஃபைனல தேடி பாருங்க, அஞ்சு மேட்ச் முறையில நடந்த கடைசி ஃபைனல், ஆஸ்திரேலியாவும் பிரான்சும். ஆஸ்திரேலியா கைல ஆஷ்லி பார்ட்டி, அப்போ உலக நம்பர் ஒன், சொந்த ஊர் கூட்டம், 1974க்கு அப்புறம் கப் இல்லாத பசி வேற. முதல் நாள் கிறிஸ்டினா ம்லாடெனோவிச் அஜ்லா டோம்லானோவிச்ச 6-1, 6-1னு தள்ளிட்டாங்க. அடுத்து பார்ட்டி வந்து கரோலின் கார்சியாவ 6-0, 6-0. ஆமா, ரெண்டு முட்டை. ஃபைனல்ல. 1-1.

இப்போ உங்கள பிரான்ஸ் கேப்டன் ஜூலியன் பெனட்டோ இடத்துல வெச்சு பாருங்க. ரெண்டாவது நாள் ம்லாடெனோவிச் பார்ட்டிய மூணு செட்ல சாச்சுட்டாங்க, 2-6, 6-4, 7-6, இந்த போட்டியில பார்ட்டியோட தொடர் வெற்றி அதோட முடிஞ்சது. 2-1 பிரான்ஸ். நாலாவது மேட்ச் கார்சியா ஆடணும், ஆனா முந்தின நாள் ஒரு கேம் கூட எடுக்காத பொண்ண அதே கூட்டத்து முன்னாடி திரும்ப தள்ளுறதா? பெனட்டோ கார்சியாவ உக்கார வெச்சுட்டு போலின் பார்மான்டியேவ இறக்கினார். அவங்க 6-4, 7-5னு தோத்தாங்க, 2-2. வெளிய இருந்து பாத்தா முடிவு தப்பு மாதிரி தெரியும். ஆனா டபுள்ஸுக்கு அதே கார்சியா ஃப்ரெஷ்ஷா வந்தாங்க, ம்லாடெனோவிச்சோட. ரெண்டு பேரும் 2016ல சேர்ந்து பிரெஞ்சு ஓபன் டபுள்ஸ் ஜெயிச்சவங்க, நடுவுல அவங்களுக்குள்ள பேச்சு வார்த்தை கெட்டு கிடந்தது வேற கதை. எதிர்ல பார்ட்டியும் சமந்தா ஸ்டோசரும். 6-4, 6-3, கப் பிரான்சுக்கு. மூணு பாயிண்ட்லயும் ம்லாடெனோவிச் கை இருக்கு, ஆனா கார்சியாவ எப்போ ஒளிச்சு வெச்சு எப்போ வெளிய எடுக்கணும்னு தெரிஞ்சது கேப்டனுக்கு. இந்த ஒரு டைய ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும் பாத்தீங்கன்னா வேற எந்த விளக்கமும் வேண்டாம், இந்த கட்டுரையும் வேண்டாம்.

ஓடிட்டு இருக்குறப்போ கவனிக்க சில சின்ன விஷயங்கள். அம்பயர் "கேம், ஃபிரான்ஸ்", "அட்வான்டேஜ், இத்தாலி"னு நாட்டு பேர் சொல்லி தான் கூப்பிடுவாங்க, டபுள்ஸ்ல யாரு சர்வ்னு குழம்பாதீங்க. ஓரத்துல மத்த டீம் ஆளுங்க ஒரே கலர் டிரஸ்ல வரிசையா நிப்பாங்க, அவங்க எப்போ உக்காருறாங்க எப்போ எழுந்திரிக்கிறாங்கன்னு பாத்தாலே மேட்ச் எந்த பக்கம் சாயுதுன்னு தெரியும். சத்தம் அதிகம் இருக்கும், டிரம், கோஷம், எதிராளி டபுள் ஃபால்ட் போட்டா கைதட்டல் கூட, விம்பிள்டன் நாகரிகத்த இங்க எதிர்பாக்காதீங்க. ஹோம்-அவே டைன்னா எந்த தரைன்னு கட்டாயம் பாருங்க, ஏன்னா தரைய தேர்ந்தெடுக்கிறது ஹோம் டீம். எதிராளிங்க எல்லாம் ஹார்ட் கோர்ட் சீசன்ல ஆடிட்டு வர்றாங்கன்னு தெரிஞ்சே உள்ளரங்குல களிமண் கொட்டி வெப்பாங்க. இது ஏமாத்து இல்ல, விதியிலயே இருக்கு, வீட்டுக்காரங்களோட உரிமை. எந்த வீடுங்கிறதும் பொதுவா கடைசியா எங்க ஆடினாங்கங்கிறத வெச்சு மாறி மாறி வரும்.

ரேங்கிங்கயும் ரொம்ப நம்பாதீங்க. 2016 பிப்ரவரில மாஸ்கோல நெதர்லாந்தோட ரிஷெல் ஹோகென்காம்ப், டாப் 100க்கு வெளிய இருந்தவங்க, ரெண்டு கிராண்ட்ஸ்லாம் ஜெயிச்ச ஸ்வெட்லானா குஸ்நெட்சோவாவ 7-6, 5-7, 10-8னு ஜெயிச்சாங்க, நாலு மணி நேரம், இந்த போட்டி வரலாறுலயே நீளமான மேட்ச். அப்போ கடைசி செட்ல டை-பிரேக் கிடையாது, ஓடிட்டே இருக்கும். அந்த டையும் நெதர்லாந்துக்கே. இப்ப எல்லா செட்லயும் டை-பிரேக் வந்துட்டதால அந்த மாதிரி 10-8 எல்லாம் பாக்க முடியாது, எனக்கு அதுல கொஞ்சம் வருத்தம் தான்.

டபுள்ஸ் பாத்து பழக்கம் இல்லாதவங்களுக்கு ஒரே ஒரு யோசனை, பந்த பாக்காதீங்க. நெட்ல நிக்கிற ஆள பாருங்க. எர்ரானிய உதாரணமா வெச்சுக்கோங்க, சர்வ்ல வேகமே கிடையாது, சில சமயம் அண்டர்ஆர்ம் சர்வ் கூட போடுவாங்க, சிங்கிள்ஸ் கண்ணோட பாத்தா இவங்களா டபுள்ஸ் சாம்பியன்னு தோணும். ஆனா எதிராளி அடிக்கிறதுக்கு அரை நொடி முன்னாடி அவங்க எங்க நகருறாங்கன்னு பாருங்க, பந்து போய் அவங்க ராக்கெட்ல விழும். 2025 செமிஃபைனல்ல உக்ரைனோட 1-1னு வந்து நின்னப்போ எர்ரானியும் பவோலினியும் 6-2, 6-3னு முடிச்ச விதத்த பாத்தா புரியும், பாதி பாயிண்ட் பந்து வர்றதுக்கு முன்னாடியே நின்ன இடத்துலயே ஜெயிச்சது.

எப்போ எந்த டை வரும்னு தெரிஞ்சுக்க இந்த ஏணிய புரிஞ்சுக்கணும். உச்சில ஃபைனல்ஸ், 2025ல அது எட்டு டீம், ஷென்ஜென், செப்டம்பர் மாசம், முழு நாக்அவுட். அதுக்கு கீழ குவாலிஃபையர்ஸ், 2025ல ஏப்ரல்ல நடந்தது, மூணு மூணு டீமா ஆறு குரூப், ஒவ்வொரு குரூப்லயும் ஒரே டீம் மேல, கூட போன வருஷ சாம்பியன் இத்தாலியும் போட்டி நடத்துன சீனாவும் சேர்ந்து எட்டு. அதுக்கும் கீழ ப்ளே-ஆஃப்ஸ், அதுக்கும் கீழ ஆசியா-ஓசியானியா, அமெரிக்கா, ஐரோப்பா-ஆப்பிரிக்கான்னு மண்டல குரூப்புகள், எல்லாம் சேர்த்தா 100க்கு மேல நாடுகள். ஒரு உதாரணம், 2020 மார்ச்ல துபாய்ல ஆசியா-ஓசியானியா குரூப்ல சானியா மிர்சா, அங்கிதா ரெய்னா எல்லாம் ஆடின இந்திய டீம் சீனாவுக்கு அடுத்து ரெண்டாவதா வந்து முதல் தடவையா ப்ளே-ஆஃப் போனாங்க. அந்த ப்ளே-ஆஃப் 2021 ஏப்ரல்ல லாட்வியாவோட ஜுர்மலா ஊர்ல, எதிர்ல யெலெனா ஓஸ்டபென்கோ இருந்த டீம், அது இன்னும் அஞ்சு மேட்ச் டை, இந்தியா 3-1னு தோத்து திரும்பி வந்தாங்க. ஒரு படி ஏறுறதுக்கு ஒரு வருஷம் ஆகும், வழுக்க ரெண்டு நாள் போதும். இந்த ஃபார்மட்ட வேற அடிக்கடி மாத்துவாங்க, 2021ல 12 டீம் குரூப்பா, 2024ல அதே 12 டீம் நேரா நாக்அவுட்டா, 2025ல எட்டு. அதனால போன வருஷம் பாத்தத நம்பாம ஒவ்வொரு வருஷமும் ஐடிஎஃப்போட, அதாவது சர்வதேச டென்னிஸ் சங்கத்தோட, அஃபீஷியல் தளத்துல ஒரு தடவ பாத்துக்கோங்க. யாரு யாரோட மோதுறாங்கங்கிற டிராவும் ஆள் பேரும் அங்க தான் முதல்ல வரும்.

பழைய ரெக்கார்ட் தேடுறவங்க பேர் மாத்தி தேடணும். 1963ல இருந்து 1994 வரைக்கும் ஃபெடரேஷன் கப், 1995ல ஃபெட் கப், 2020 செப்டம்பர்ல தான் பில்லி ஜீன் கிங் பேர வெச்சாங்க. பேர் வெச்சது சும்மா இல்ல, முதல் வருஷ அமெரிக்க டீம்லயே பில்லி ஜீன் மொஃபிட்னு கல்யாணத்துக்கு முந்தின பேர்ல அவங்க இருக்காங்க, ஆடினதும் கேப்டனா இருந்ததும் சேர்த்து 10 கப். அந்த முதல் ஃபைனல் ஸ்கோர் பாருங்க, ஆஸ்திரேலியாவோட 1-1, கடைசி டபுள்ஸ்ல மொஃபிட்டும் டார்லீன் ஹார்டும் மார்கரெட் ஸ்மித், லெஸ்லி டர்னர் ஜோடிய 3-6, 13-11, 6-3. ஆக இந்த டபுள்ஸ்ல தொங்குற விஷயம் பொறந்தப்பவே ஆரம்பிச்சது. நாடுகளோட கணக்கும் கொஞ்சம் இடிக்கும், செக் நாட்டுக்கு 11 கப்னு போட்டிருப்பாங்க, அதுல அஞ்சு செக்கோஸ்லோவாக்கியாங்கிற பேர்ல வாங்கினது, மிச்சம் ஆறு 2011ல இருந்து 2018க்குள்ள, எட்டு வருஷத்துல ஆறு. 2021 நவம்பர்ல பிராக்ல கப் வாங்கினது ரஷ்யா தான், ஆனா அந்த பேர்ல ஆட விடல, ரஷ்ய டென்னிஸ் சங்கம்னு தான் இருக்கும், அடுத்த வருஷம் போட்டியிலயே சேர்க்கல. அமெரிக்கா 18 கப், ஆனா கடைசியா வாங்கினது 2017, மின்ஸ்க்ல.

ஒரு விஷயத்துக்கு மட்டும் மனச தயார் பண்ணிக்கோங்க, நீங்க பாக்க ஆசைப்பட்ட ஆள் வராமலே போகலாம். இதுல டபிள்யூடிஏ, அதாவது பொண்ணுங்க டென்னிஸ் டூர நடத்துற அமைப்போட, ரேங்கிங் பாயிண்ட் கிடையாது, சீசன் நடுவுல கண்டம் விட்டு கண்டம் போகணும், உடம்பு ஒத்துழைக்காது. வர்றவங்கள்ல சில பேர் நாட்டுக்காக வர்றாங்க, ஒலிம்பிக்ல ஆடணும்னா இதுல குறிப்பிட்ட தடவ டீம்ல இருந்திருக்கணும்னு விதி இருக்கிறதால வர்றவங்களும் உண்டு, ரெண்டும் கலந்ததுன்னு வெச்சுக்கலாம். டீம் லிஸ்ட் வந்ததும் பெரிய பேர் இல்லையேன்னு மூடி வெச்சுராதீங்க, பெரிய பேர் வராத இடத்துல தான் 258ம் ரேங்க் பொண்ணு உள்ள வர்றாங்க.

அடுத்த டை வர்றப்போ பேப்பர்ல மூணு வரி போட்டு வெச்சுட்டு உக்காருங்க. முதல் மேட்சுக்கே வந்துருங்க. 1-1னு வந்தா மட்டும் தயவு செஞ்சு படுக்க போயிராதீங்க.